பளிச்சென்று ஒரு படிக்கம்

ஒன்பது வயதில் எனக்கு இருந்த வாய் இப்போதும் இருந்திருந்தால் நான் வக்கீலாகியிருப்பேன். யார் வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் அம்மா வாசலிலேயே தொடையில் கிள்ளி, "வாய வச்சிகிட்டு சும்மா இரு" என்று சொல்லித்தான் உள்ளே விடுவாள். அப்படிப்பட்ட என்னை நம்பி ஒருவர் ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தொழில் செய்தார். அவர் என் தாய்மாமா.

மாமா பழைய சாமான் வாங்கி விற்பவர். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். ஊரில் அவரைக் காயலாங்கடைக்காரர் என்பார்கள். அவருக்குச் சுர்ரென்று வரும். "காயலாங்கடைக்காரன் தராசால வாங்குவான், நான் கண்ணால வாங்குறேன்" என்பார். அப்படிக் கண்ணால் வாங்கிய ஓடாத கடிகாரமும் கால் ஒடிந்த நாற்காலியும் எங்கள் மாடிப்படியை அடைத்துக்கொண்டு கிடந்தன. பொறுத்துப் பார்த்த அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), குவைத்தில் ஒரு சொந்தக்காரர் கடைக்கு மாமாவுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார்.

மாமாவுக்கு ஊரை விட்டுப் போக மனமே இல்லை. "ஒரே ஒரு நல்ல சாமான் மாட்டட்டும் மச்சான். சிதம்பரத்துப் பழம்பொருள் கடைக்காரரு என் கண்ண நம்பிட்டாருன்னா இங்கயே பொழச்சிக்குவேன். நோம்புக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா நீங்க சொல்ற பிளேன்ல ஏறிடறேன்" என்று அத்தாவிடம் தவணை வாங்கியிருந்தார்.

அந்த நல்ல சாமானைத் தேடித்தான் நானும் அவரும் பஸ் ஏறினோம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில்தான் பழைய சாமான்கள் பரணில் தூங்கும். ஆனால் தனியாக ஓர் ஆம்பளை போய்க் கதவைத் தட்டினால், ஜன்னல் வழியாகவே "ஒண்ணும் இல்லப்பா" என்று பதில் வரும். கையில் ஒரு பெண்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றால் கதவும் திறக்கும், குடிக்கத் தண்ணீரும் வரும்.

மாமாவுக்குச் சில கணக்குகள் இருந்தன. சாமானைக் கவிழ்த்து முதலில் அடியைப் பார்ப்பார். மேலே எப்படி வேண்டுமானாலும் பழசாக்கி ஏமாற்றலாம், அடித்தேய்மானம் பொய் சொல்லாதாம். சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். பித்தளை என்று சொன்னது காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், பிடித்த சாமானைக் கண்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிடிக்காததைத்தான் வாயாரப் புகழ வேண்டும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீடு. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா தனியாக இருந்தார்கள். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கியதில் கன்னங்கரேலென்று ஒரு படிக்கம் வந்தது. படிக்கம் என்றால் வெற்றிலை போடுகிறவர்கள் எச்சில் துப்புகிற பாத்திரம். "எங்க மாமனார் வச்சிருந்தது" என்று கூச்சத்தோடு ஓரமாக வைத்தார்கள். மாமா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். கட்டைவிரலில் எச்சில் தொட்டு வயிற்றுப்பக்கம் ஓர் இடத்தில் மெல்லத் துடைத்தார். கறுப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளிக்கொடி எட்டிப்பார்த்தது. இலையும் மொட்டுமாக, தலைமுடி கனத்தில் வெள்ளிக்கம்பியை இழைத்திருந்தார்கள்.

மாமாவின் காது சிவந்தது. முகம் மட்டும் சுளித்துக்கொண்டது. "எச்சி துப்புற சாமான யாரு வாங்குவா அக்கா?" என்று தள்ளிவைத்துவிட்டு, விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பைகளைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். கடைசியில், போனால் போகிறது என்பதுபோல் படிக்கத்துக்கு ஆறாயிரம் சொன்னார். அந்த அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "வெள்ளிக்கிழம மவன் போன் பண்ணுவான், ஒரு வார்த்த கேட்டுட்டு தர்றேன் தம்பி" என்றார்கள். மாமா ஐந்நூறு ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டு, அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நானும் அந்த அம்மாவும் தனியாக இருந்தோம். முறுக்கு கொடுத்தார்கள். தின்றுகொண்டே படிக்கத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பழைய வெற்றிலைக் காவி.

"சீ, எவ்ளோ அழுக்கு! எங்க அம்மான்னா இத வூட்டுக்குள்ளயே வுடாது. நீங்க புளி போட்டுத் தேய்க்க மாட்டீங்களா?"

அவர்கள் முகம் சுண்டிப்போனது. எனக்கென்ன, இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் போனோம். மகன் சரி என்று சொல்லிவிட்டானாம். அந்த அம்மா முந்தானையால் மூடிக் கொண்டுவந்து, கல்யாணப்பெண்ணைக் காட்டுவதுபோலத் திறந்து காட்டினார்கள். படிக்கம் அலுமினியச் சட்டிபோல வெள்ளைவெளேரென்று இருந்தது. கறுப்பைக் காணோம். கறுப்பு போனதும் வெள்ளிக்கொடி எங்கே ஓடுகிறதென்றே தெரியவில்லை.

"பாப்பா சீன்னு சொல்லிச்சா, எனக்கு மானமே போச்சு தம்பி. பாவம், காசு குடுத்து வாங்குறவருக்கு அழுக்கு சாமானயா குடுப்பாங்க? ரெண்டு நாளு, புளியும் செங்கப்பொடியும் போட்டு தேய்தேய்னு தேச்சேன்."

விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. மாமா அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எப்படி நம் யோசனை என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

மாமா பையைத் திறந்து மீதி ஐயாயிரத்து ஐந்நூறையும் எடுத்துக் கொடுத்தார். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றார். பிடித்ததைச் சுளித்து, பிடிக்காததைப் புகழ்கிற மாமாவின் கணக்கு அப்போது எனக்கு ஞாபகம் வரவேயில்லை.

மறுநாள் சிதம்பரம். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்காரர் படிக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "இந்த வேலைக்கு கறுப்புதாங்க உசுரு, அது அழுக்கு இல்ல. கறுப்போட வந்திருந்தா முப்பதாயிரத்துக்கு நானே எடுத்திருப்பேன். யாருங்க இத தேச்சது?"

"தெரியாத ஆளு" என்றார் மாமா. "திரும்ப கறுப்பு ஏத்த முடியாதா?"

"கறுப்பு ஏத்திடலாம். பழசு ஏத்த முடியாதுங்களே."

வரும்போது மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் அத்தா கேட்டதற்கு, "என் கண்ணுதான் சரியில்ல மச்சான், ஏமாந்துட்டேன்" என்றார். நோன்பு பிறப்பதற்கு முன்பே மாமா குவைத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வேன் வந்து நின்றபோது நான் அழுத அழுகைக்குத் தெருவே கூடிவிட்டது. சிதம்பரத்துக் கடைக்காரரின் கை முறியட்டும் என்று வாய்க்கு வந்தபடி சபித்தேன். மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தப் படிக்கத்தை என் கையில் கொடுத்தார். "பென்சில் போட்டு வச்சிக்க" என்றார்.

அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்பு முழுக்கக் காட்டினேன். என் யோசனையால்தான் இது இப்படிப் பளிச்சென்று ஆனது, அதனால்தான் எங்கள் மாமா வேறு யாருக்கும் விற்காமல் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார் என்று, அந்த வருஷம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.