டீ மாஸ்டர் போனில் திறக்க வேண்டும்

கீழே டீக்கடையில், டீ மாஸ்டர் பச்சியப்பனின் போனைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார் சுகுணா. மாஸ்டரும் டீ ஆற்றுவதை நிறுத்துவதில்லை. அரூரில், உரக்கடை மாடியில் இணையதளங்களைப் பழுதுபார்க்கும் சுகுணாவுக்கு இது அன்றாட வழக்கம். தன் கணினியையும் நம்பமாட்டார், வந்தவர் போனையும் நம்பமாட்டார். "நம்ம போனு பழைய பக்கத்தையே ஞாபகம் வெச்சுக்கிட்டு நமக்கே பொய் சொல்லுமுங்க. மாஸ்டர் போன்ல தொறந்தாத்தான் ஊருக்கே தொறந்த மாதிரி."

இணைய முகவரிச் சிக்கல் வந்துவிட்டால் மனுஷிக்குக் குஷி தாங்காது. உரக்கடை நோட்டீஸின் பின்பக்கத்தில் எந்த முகவரி எங்கே திருப்பிவிடுகிறது என்று அம்புக்குறி போடுவார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடுவார்.

அன்று காலை ஒன்பதரைக்கு மாடியேறி வந்தார் தீர்த்தன். சித்தேரி மலைச் சாமையை விற்கும் குழுவின் தளம் திறக்கவில்லை. பத்து மணிக்கு முன்பதிவு தொடங்க வேண்டும். அதுவும் வருஷத்தில் ஒரே நாள். "சும்மா சுத்திக்கிட்டே நிக்குதுங்க மேடம். மலையே காத்துக்கிட்டு இருக்குதுங்க."

குழுவின் முதன்மை முகவரி தீர்த்தன் பொறுப்பு. அதிலிருந்து பிரிந்த இணையக் கடை முகவரி, அவர் மனைவியின் தம்பி முருகேஷ் பொறுப்பு. வருகிறவர்கள் முதலில் யார் பக்கத்தைப் பார்ப்பது என்ற சண்டையில் இருவருக்கும் இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை.

சுகுணா அம்புக்குறி போட்டார். முதன்மை முகவரி கடைக்குத் திருப்பியது. கடை முதன்மைக்கே திருப்பியது. நடுவில் தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு திருப்பல்களும் நேற்று மாலை போட்டவை.

"கடைக்குத் திருப்புனது நீங்களா?"

தீர்த்தன் தரையைப் பார்த்தார். "மச்சான் ஆசப்பட்டது அதானுங்களே. போவுது, அவன் பக்கமே மொதல்ல வரட்டும்னு..."

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கீழே டீக்கடையில் முருகேஷ் நிற்கிறார். மாமன் வண்டி வாசலில் இருக்க, மேலே வரக் கூச்சம். சுகுணா விடவில்லை, கூப்பிட்டே விட்டார். வந்தவரும் அதே பாட்டுத்தான்: "மாமா பக்கமே முன்னால இருக்கட்டும்னு நான்தானுங்க மாத்திவுட்டேன்."

"ஆளாளுக்கு வழி வுட்டா ஜனம் எந்தப் பக்கந்தான் போவும்? அவங்கவங்க வாசல்ல அவங்கவங்க நில்லுங்க!" இரண்டு திருப்பல்களையும் நீக்கி, தீர்த்தனின் பக்கத்தில் கடைக்கு ஒரு பொத்தான் வைத்தார். மணி ஒன்பது ஐம்பத்தாறு.

மாஸ்டர் போனை வாங்கிவரத் தீர்த்தன் எழுந்தார். சுகுணா கையமர்த்தினார். இருவர் போனையும் வாங்கி, அவை நினைவில் வைத்திருந்த பழைய பக்கங்களை அழித்தார். பிறகு மாமன் போனை மச்சான் கையிலும், மச்சான் போனை மாமன் கையிலும் வைத்தார். "இன்னிக்கு மாஸ்டர் போன் வேண்டாமுங்க, ஒருத்தர் போன்ல ஒருத்தர் தொறந்து பாருங்க."