நைனா முகமது கையில் என் பாட்டில்

நைனா முகமது டீ ஆற்றினால் தல்லாகுளத்தில் பஸ் நின்றுவிடும். டிரைவரே இறங்கி வேடிக்கை பார்ப்பார். நாலு முழத்துக்கு டீ இறங்கும், ஒரு சொட்டு சிந்தாது. அந்தக் கைக்கு ஐம்பது வயதில் நடுக்கம் வந்தது. கடைக்கு வரும் வக்கீல்களின் வெள்ளைச் சட்டைக்கெல்லாம் அவன்தான் டீச் சாயம் போட்டான். கடை முதலாளி, "ஒண்ணாந் தேதி வேற மாஸ்டர் வாராரு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் அதே நடுக்கம். ரோடு நேராக இருந்தாலும் என் ஆட்டோ குத்தாட்டம் போடும். இருவரும் கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனையில் சேர்ந்தோம்.

டாக்டர் சத்யப்ரியா விளக்கினார். "முதல் கட்டத்துல நல்லா இருக்கறவங்களுக்குக் கொடுத்து, கெடுதல் வருதான்னு பார்ப்போம். ரெண்டாவதுல கொஞ்சம் நோயாளிகளுக்கு, எவ்வளவு கொடுக்கணும்னு பார்க்க. இது மூணாவது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட மொத டாக்டர் இவுகதான் மாப்ள," என்றேன். நைனா சிரிக்கவில்லை.

பத்தே நாளில் என் கை நடுக்கம் நின்றது. ஊசிக்குள் நூல் என்ன, ஆட்டோவையே கோத்திருப்பேன். நைனாவுக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

"ஏங்கிட்ட இருக்கறது மாவுதாண்டா சோணைமுத்து."

"அப்ப ஏம் பாட்டில நீ வச்சுக்க. ஒன்னோடத நான் முழுங்கிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் நைனாவின் கை பழைய கை ஆனது. முதலாளி புது மாஸ்டரை வேண்டாம் என்றார்.

நான்தான் திருப்பரங்குன்றம் ரோட்டில் ஆட்டோவோடு மயங்கிச் சாய்ந்தேன். அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்; நாடித் துடிப்பு பாதியாகியிருந்தது. டாக்டர் கேட்டதும் உண்மையைக் கக்கினேன். அவசரம் என்பதால், யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியப் பட்டியலைத் திறக்கச் சொன்னார்.

நைனாவின் பாட்டிலில்தான் மருந்து இருந்திருக்கிறது; என் நாடியை இறக்கியது அதுதான். நான் அவனுக்குக் கொடுத்தது மாவு.

"அப்ப எங்க கை எப்படி நின்னுச்சு?"

"மருந்துன்னு நம்பினாலே சிலருக்குக் கொஞ்ச நாள் குறையும். ரெண்டு பேரும் இனிமே சோதனையில இல்ல. அவர்கிட்ட சொல்லியாகணும்."

"நானே சொல்றேன்."

சாயங்காலம் நைனா தூக்குவாளியில் டீயும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்தான். கட்டில் பக்கத்தில் நின்று நாலு முழம் இறக்கினான்.

"ஏங்கை பொழச்சிருச்சு மாப்ள. நல்ல மருந்த எனக்குக் குடுத்துட்டு நீ படுத்துட்டியேடா." கண் கலங்கியது.

சொன்னேன்.

தன் கையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தான். பிறகு இரண்டு டம்ளரையும் எடுத்து மறுபடி ஆற்றினான்.

"ஒரு சொட்டுதாண்டா சிந்துச்சு," என்றான், தரையைப் பார்த்தபடி.

ஒரு சொட்டை அண்டாவாக்கிப் பேசுகிற நான், கட்டிலிலிருந்து காலை நீட்டி அந்தச் சொட்டைத் துடைத்தேன். அவன் இன்னொரு தடவை ஆற்றினான்.