மடித்துத் தைத்த வலது கால்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவரை எல்லோரும் அரை இஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டேப்பைத் தொடாமலே, கடைக்குள் நுழைகிறவரைப் பார்த்து, "இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிடுவார். என் கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "வயித்துக்குத் தனியா துணி வாங்கலையா?" என்று கேட்டவர். பக்கத்தில் நோட்டு, பேனா விற்கும் எனக்கு அந்த வாயைக் கண்டால் பயம்.

கணவர் போன பிறகு அக்காவுக்கு எல்லாமே மகள்தான். ஏழாம் வகுப்பு படித்தாள், கொழுகொழுவென்று இருப்பாள். நாங்கள் பாப்பா என்போம். அவளுடைய பள்ளிக்கூடத்து பேண்ட்டின் வலது கால் ஒருநாள் தரையில் இழுபட்டது. வேறு அம்மாவாக இருந்தால் பிள்ளையின் காலைப் பார்த்திருப்பார். அக்கா துணியைப் பார்த்தார்.

"என் கட்டிங் தப்பாகாது. இந்தத் துணி தண்ணி பட்டா ஒரு பக்கம் நீண்டுக்கும்" என்று அந்தக் காலை மட்டும் அரை இஞ்ச் மடித்துத் தைத்தார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் இழுபட்டது. துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மறுபடியும் மடித்தார்.

நடுவில் பாப்பா முட்டி வலிக்கிறது என்றாள். தெருமுனை டாக்டர் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். அக்கா ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தார். பாப்பா காலைத் தாங்கித் தாங்கி நடந்தால், "சாக்கு சொல்லாதடி, குதி" என்பார். நானும் என் பங்குக்குச் சிரித்திருக்கிறேன். பேண்ட் இரண்டு பக்கமும் செருப்பின் மேல் சரிசமமாக நின்றது. கால் குட்டையானது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கடை வாசலில் குதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எலும்பு டாக்டர் முட்டியை விட்டுவிட்டு இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். "முட்டில ஒண்ணும் இல்லம்மா. வளர்ற வயசுல தொடை எலும்போட தலைக்குக் கீழ, எலும்பு வளர்ற இடம் கெட்டியா இருக்காது. அந்த இடத்துல தலை நழுவியிருக்கு. வலி மட்டும் முட்டில தெரியும். கொஞ்சம் கொஞ்சமா நழுவினது இன்னைக்கு மொத்தமா விலகிடுச்சு. காலு குட்டையா இருக்கே, நீங்க கவனிக்கலையா?"

"ஒரு இஞ்ச் வரைக்கும் நான் மடிச்சிட்டேன் சார்" என்றார் அக்கா.

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஸ்க்ரூ போட்டார்கள். ஆனால் எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் திரும்பவில்லை. சில மாதங்களில் அது நொறுங்கத் தொடங்கியது. முதலிலேயே வந்திருந்தால் அதே ஸ்க்ரூவோடு பெரும்பாலும் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது பாப்பா ஊன்றுகோலோடு நடக்கிறாள். வளர்ந்து முடித்த பிறகு இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். முட்டியை மட்டும் படம் எடுத்த அந்த டாக்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். பாப்பா கட்டிலில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஊர்க்கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். பாப்பாவுக்கும் அம்மாவின் வாய்தான். நோட்டிலிருந்து தலை நிமிராமல், கிண்டலாகத்தான் சொன்னாள்.

"நீ கொஞ்சம் சுமாரா தைக்கிறவளா இருந்திருக்கலாம்மா."

கால் பிடித்த கை நிற்கவில்லை.

"ஆமாண்டி" என்றார் அக்கா.