கியர் பாக்ஸுக்காக ஒரு மொட்டை

கியர் பாக்ஸ் சரியானால் மொட்டை போடுவதாக என் கணவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே மொட்டையைப் போட்டுவிட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

கார் எனக்காக வாங்கியது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். திருத்தணியிலிருந்து தினமும் பஸ். உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பி ஏறி, நின்றுகொண்டே போய் இறங்குவேன். என் இடது முழங்கால் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. கிளட்ச் மிதிக்கிற கால் அது என்பதால், கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கினோம். அதை ஓட்டும்போது இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. அது பாட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தச் சுகத்தை நான் முழுதாக அனுபவிப்பதற்குள் கியர் பாக்ஸ் போய்விட்டது.

அரக்கோணம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் அதை இறக்கி, பிரித்து, உள்ளே தேய்ந்ததையெல்லாம் மாற்றி மாட்டுகிறேன் என்றார். அவர் பிரித்துப் போட்டிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு வந்த என் கணவர் அன்றைக்கே வேண்டிக்கொண்டார். கிருத்திகையன்று காலையில் மெக்கானிக் போன் செய்து, "மாட்டிட்டேன்ணா, சாயங்காலமா வாங்க" என்றார். கிருத்திகையும் அதுவுமாக வண்டி தயார் என்றால் அது முருகன் கூப்பிடுவதுதான் என்று சொல்லி, இவர் காபிகூடக் குடிக்காமல் ஓடிப்போய் வண்டியை எடுத்துவந்து என்னையும் ஏற்றிக்கொண்டார். குளத்தங்கரையில் மொட்டை, தலை நிறைய சந்தனம், அப்புறம் மலைமேல் தரிசனம்.

கீழே இறங்கியதும் சாவியை என்னிடம் கொடுத்தார். "நீ ஓட்டு. நான் பின்னாடி ஓனரு மாதிரி உக்காந்துகினு வர்றேன்" என்றார்.

ஓனர் மாதிரி உட்கார்ந்துகொண்டு வருகிறவர் சும்மா வருவாரா? முன்னால் குனிந்து என் காதருகே வாயை வைத்து, லெப்ட்டில் மாடு, ரைட்டில் ஆட்டோ என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது வண்டி பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் துள்ளியது. அவர் தலை என் சீட்டின் முதுகில் போய் முட்டியது. பஜாரைத் தாண்டுவதற்குள் எத்தனையோ முறை முட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சீட்டின் முதுகெல்லாம் வட்ட வட்டமாகச் சந்தனம்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

அவருக்கு வந்த கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. முடியைக் கொடுத்தாகிவிட்டது. முருகன் முடியை வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்ல முடியுமா? முருகன் பார்த்துச் செய்ய வைத்த மெக்கானிக்கையும் சொல்ல முடியாது. அப்புறம் மிச்சம் இருப்பது யார்? நான்தான். "கியர் பாக்ஸ் நல்லா கீது. உனக்குத்தான் ஓட்ட வரல" என்றார். காலையில் அவர் ஓட்டிவந்தபோது துள்ளவில்லையா என்று கேட்டேன். "அது பிக்கப்பு" என்றார். அதாவது, அவர் மிதித்தால் பிக்கப், நான் மிதித்தால் பிழை.

அன்று சாயங்காலம் பாவா வந்தார். பாவா என்றால் என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் வீடு. அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது ஊரில் எது விற்றாலும் நடுவில் நிற்பவர். கியர் குச்சியைப் பிடித்து மாற்றாத வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் கணவரிடம், "வித்துடு. நம்ம கைல ஒரு பார்ட்டி கீறான். ஞாயித்துக்கெழம இட்டாந்துர்றேன்" என்றார். என் கணவர் மொட்டையைத் தடவிக்கொண்டே, "ஆங், இட்டாங்க" என்றார்.

திங்கட்கிழமை மறுபடியும் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்ததும் என் முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாளிலிருந்து நானே மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். முதலில், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். ஓடியது, சரியாகவில்லை. ஆயில் குறைவாக இருக்கலாம் என்று எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகு அளவு பார்த்தார். ஆயில் சரியாகத்தான் இருந்தது. கியர் பாக்ஸைத் தாங்குகிற ரப்பர் செத்துவிட்டது என்று அதை மாற்றினார். புது ரப்பரோடு வண்டி புதுத் தெம்பாகத் துள்ளியது. கடைசியில் அவரும், "டீச்சர் கொஞ்சம் வேகமா மிதிக்கிறாங்களோ" என்று இழுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமை என் கணவரையே ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மலையிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலம் மடியில் இருந்தது. அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, அவர் தலைக்குப் பின்னால் நேராகப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் கடைக்குப் போவதற்குள் வண்டி துள்ளத் துள்ள பொட்டலம் காலியாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, எப்டி போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கியதும் மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாண்ணா, எந்தக் கோயில்ல இப்பிடிப் பூசுறாங்க?" என்று கேட்டார். என் கணவர் தலையைத் தடவி, வெள்ளையாக வந்த கையைப் பார்த்தார். நான் காலிப் பொட்டலத்தைக் காட்டினேன். பிக்கப் பேச்சை விட்டுவிட்டு, சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

பிறகுதான் மெக்கானிக் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து வண்டியில் சொருகினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழவழவென்று பேச ஆரம்பித்தார்.

"இதுல கியர் மாத்தறது கம்ப்யூட்டரு டீச்சர். உள்ள பிளேட்டு தேய்ஞ்சி கெடந்த காலத்துல, அது அழுத்தி அழுத்தித்தான் கியரப் புடிச்சினு இருந்துது. இப்ப எல்லாம் புதுசு. ஆனா அதுக்கு இன்னா தெரியும்? பழைய ஞாபகத்துலயே அந்த அழுத்து அழுத்துது. அந்த ஞாபகத்த அழிச்சிட்டுத்தான் வண்டியக் குடுக்கணும்."

"அதை ஏன் அழிக்கல?" என்றேன்.

"சாயங்காலம் வாங்கன்னு எதுக்கு சொன்னேன்? அதுக்குத்தான். லேப்டாப்ப எடுக்கறதுக்குள்ள, கிருத்திகை நேரம் பூடும்னு அண்ணன் சாவியப் புடுங்கினு பூட்டாரு."

மொட்டை போடுகிற அவசரத்தில், எதற்கு மொட்டையோ அந்த வேலையையே பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. இதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

பழைய ஞாபகத்தை மெக்கானிக் அழித்தார். இனி வண்டி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், மெதுவாக, ஒரே சீராக மிதித்து, நின்று நின்று கிளம்ப வேண்டும் என்றார். என் கணவர் ஓட்ட உட்கார்ந்தார். மெக்கானிக் பக்கத்தில், நான் பின்னால். கடையை விட்டு ரோட்டுக்கு ஏறியதும், முன்னால் போன டவுன் பஸ்ஸை முந்தியே ஆக வேண்டும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. ஒரே மிதி. வண்டி துள்ளியது. திரும்பி வந்து மறுபடி அழித்தார்கள். மறுபடி ஓட்டினார். இந்த முறை ஒரு லாரி.

"அண்ணா, அது உங்க கால்கிட்ட கத்துக்குது" என்றார் மெக்கானிக், அழாத குறையாக. "வீட்ல மெதுவா ஓட்றவங்க வேற யாருமே இல்லியா?"

என் கணவர் கதவைத் திறந்து இறங்கிப் பின்னால் வந்தார்.

நான் பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஓட்டினேன். ஒரு கரும்பு டிராக்டர் முன்னால் ஆடி ஆடிப் போனது. அதை முந்தவில்லை. அதன் பின்னாலேயே போனேன், அது நின்றால் நின்றேன், அது கிளம்பினால் கிளம்பினேன். டிராக்டர் ஒரு வயலுக்குள் திரும்பியதும் ரோடு காலியாகக் கிடந்தது. மெல்ல மிதித்தேன். பின் சீட்டில் என் கணவர் இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, துள்ளலுக்குத் தயாராக இருந்தார்.

"மூணாவது எப்ப வுழும்?" என்றார் மெதுவாக.

"அது வுழுந்து, நாலாவதும் வுழுந்தாச்சிண்ணா" என்றார் மெக்கானிக்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும், பாவாவுக்குப் போன் செய்து ஆளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். என் கணவர் அகராதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. சந்தோஷமெல்லாம் வற்றிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை பாவா அந்த ஆளோடு வந்துவிட்டார். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், பானெட்டைத் திறந்து மூடினார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். பாவா சாவிக்காகக் கையை நீட்டினார். நான் வாசற்படியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

என் கணவர் சாவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "ஓட்டக் கூடாதுங்க" என்றார். "அது இவங்க காலுக்குத்தான் பழகினு கீது. வேற கால் பட்டா கெட்டுப்பூடும். நானே தொடறதில்ல. விக்கிறதா இல்லீங்க."

இவ்வளவு கறாராக மெக்கானிக்கூடச் சொல்லவில்லை. ஆனால் புது மொட்டையோடு ஒருவர் சொல்லும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. பாவா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வந்தவர் மரியாதையாக ஓரடி பின்னால் போனார். பிறகு மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என் காலைப் பார்த்தார்கள்.

இடது கால் வலிக்கிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவர்கள் பார்த்தது வலது காலைத்தான். பார்க்கட்டும் என்று நானும் கொஞ்சம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.