காது கேட்டது

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஆனா ஒண்ணையும் சேர்க்காத, ஒண்ணையும் குறைக்காத" என்றாள். அப்படியே எழுதுகிறேன். இதில் வரும் நேரமெல்லாம் அன்றைக்கு அவள் ஒரு தாளில் குறித்துவைத்தது. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். முதல் நான்கு வரிகள் அக்காவின் வழக்கமான முத்து முத்தான எழுத்து. ஐந்தாவது வரியிலிருந்து அது யார் எழுத்தென்றே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெயில் தரையில் சதுரமாக விழுந்துகிடந்த நேரத்தில்.

அக்கா அப்போது மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஒரு கட்டடத்தின் மேல்மாடி முழுக்க அவர்களுடையது. செய்த கருவி சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. முதலாளிக்குப் பேச்சுதான் தொழில். செய்வதெல்லாம் ஒரே ஒரு ஆள்தான். ஒல்லியாக, எப்போதும் கையில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் கம்பி அண்ணன்.

கம்பி அண்ணனுக்கு இடது கை பாதி செத்த கை. இளவயதில் ஒரு விபத்து. அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அவர் முதலில் ஒரு விளையாட்டைச் செய்தார். பலகையில் ஐந்து முளைகள். கையகல வளையங்கள் ஒன்பது. தள்ளி நின்று எறிய வேண்டும். வளையம் எந்த முளையில் விழுந்தது என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி, விழுந்த சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் காது.

பிறகு அந்தக் காது வளர்ந்தது. அறையில் விழுந்தது கரண்டியா, நாற்காலியா, ஆளா என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. பேச்சுச் சத்தம் என்றால் எத்தனை பேர் என்றும் சொல்லும். தனியாக இருக்கும் நோயாளி விழுந்தால் உடனே அலறும். கூடவே ஒரு பதிவுப் பெட்டி. கேமரா பார்ப்பதையெல்லாம் அது எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருக்கும். காது எதையாவது கேட்டால் மட்டும், சத்தத்துக்கு முந்தைய பத்து நொடி, பிந்தைய இருபது நொடி, ஆக முப்பது நொடியைப் பத்திரப்படுத்தும். கேமராவுக்குக் கண் மட்டும்தான் உண்டு. சத்தமெல்லாம் காதிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த மூன்றுக்கும் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனபோது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர் இருந்தது. ஆதாரத்துக்கு ஒரு நோட்டு. பழைய தேதிகள் போட்டு, முதலாளி கைப்பட எழுதிய புது நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் "இதை நேரில் பார்த்தேன்" என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். நாற்பத்திரண்டு பக்கம்.

போட்டது என் அக்கா.

ஏன் போட்டாய் என்று நான் கேட்டிருக்கிறேன். மிரட்டினாரா, கெஞ்சினாரா என்றும் கேட்டேன். இரண்டும் இல்லையாம். சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்ததாம், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம், முதலாளி நீட்டினாராம், போட்டாளாம். அடுத்த மாதம் அவளைச் சோதனைப் பிரிவுக்குத் தலைவி ஆக்கினார்கள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான்.

விஷயம் தெரிந்ததும் கம்பி அண்ணன் சத்தம் போடவில்லை. அக்காவின் மேசைக்கு வந்து நின்று, "நீயாம்மா கையெழுத்துப் போட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேலையையும் விட்டுவிட்டார். அவர் தன் வீட்டில் சோதனைக்கு வைத்திருந்த காதை ஆள் அனுப்பிக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார் முதலாளி. கம்பெனிச் சொத்தாம்.

ஏழு மாதம் கழித்து, கம்பி அண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தார். கூப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிரோடு கிடந்திருக்கிறார் என்றார் மருத்துவர். ஆள் விழுந்தால் ஊரைக் கூட்டும் கருவியைச் செய்த மனிதர்.

அக்கா துக்கத்துக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறாவது வாரம்தான் அந்த ஞாயிறு.

மறுநாள் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரிகள் வருவதாக இருந்தது. அதற்கு முன் அமைதிச் சோதனை முடிய வேண்டும். சோதனை ரொம்ப எளிது. காதும் கேமராவும் வளையப் பலகையும் இருக்கும் அறையைப் பூட்டி, இரண்டு மணி நேரம் ஆளில்லாமல் விட வேண்டும். காது ஒன்றும் சொல்லக் கூடாது. சும்மா இருக்கும்போது சும்மா இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் அக்கா. கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வளையங்கள் ஒன்பதையும் எண்ணித் துணிப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

சரியாக 1:00 மணிக்குத் தொடங்கியது.

1:14. திரையில் ஒரு வரி விழுந்தது. 'வளையம். தவறியது.'

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கேமராவில் காலி அறை. வெயில். பலகை. மூடிய பை. எங்காவது தண்ணீர்க் குழாய் தட்டியிருக்கும் என்று நினைத்தாள். காதின் கூர்மையை இரண்டு படி குறைத்தாள். தாளில் குறித்தாள்.

1:23. 'வளையம். தவறியது.'

இந்த முறை பதிவான முப்பது நொடியைப் போட்டுக் கேட்டாள். முதல் பத்து நொடி ஒன்றுமில்லை. அப்புறம்... டக். தொடர்ந்து ஒரு வளையம் தரையில் உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம். ர்ர்ர்ர்... ர்ர்... ர். படத்தில் தரை காலியாகவே இருந்தது.

கூர்மையை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். பக்கத்தில் பட்டாசு வெடித்தால்கூடக் கேட்காத அளவு.

1:28. 'வளையம். தவறியது.'

1:31. 'வளையம். தவறியது.'

மறுபடி போட்டுக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வளையம் விழுவதற்குச் சற்று முன்னால் இன்னொன்று இருந்தது. மூச்சு. மூக்கால் இழுத்து, பல்லைக் கடித்து, பலமில்லாத கையைத் தூக்கும்போது வரும் முனகல். ம்ம்ம்...

ஆறு வருஷம் பக்கத்து மேசையில் கேட்ட முனகல் அது.

தாளில் எழுத்து மாறுவது இங்கேதான்.

1:33. 'வளையம். மூன்றாம் முளை. விழுந்தது.'

ஓடிப்போக வேண்டும் என்றுதான் தோன்றியதாம். ஆனால் வெளியே போக அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதோடு, பார்த்துவிட்டால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் என்றும் ஒரு நினைப்பு. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

ஒன்றும் இல்லை.

முளைகள் ஐந்தும் வெறுமையாக நின்றன. சுவரில் காதின் பச்சை விளக்கு எரிந்தது. பையின் ஜிப் மூடியே இருந்தது. திறந்து எண்ணினாள். ஒன்பது வளையங்கள். எட்டு குளிர்ந்திருந்தன.

ஒன்று சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி... லேசாக வியர்வையோடு.

கீழே போட்டுவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். வாசலுக்குப் போகத் திரும்பியபோது, திறந்திருந்த தன் அறைக் கதவு வழியாகத் திரை தெரிந்தது.

1:41. 'பேச்சு. இருவர்.'

அறைக்குள் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

பார்க்காமல் போயிருக்கலாம். போகவில்லை. உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டாள்.

படத்தில் அக்கா. குனிந்து, பையைத் திறந்து, வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தனியாக.

சத்தத்தில்... கம்பி அண்ணன்.

"நீயாம்மா கையெழுத்துப் போட்ட?"

அப்புறம் இன்னொரு குரல். பெண் குரல்.

"ஆமாண்ணே. நான்தான்."

அக்காவின் குரல்.

படத்தில் அவள் உதடு மூடியிருந்தது.

1:46.

தடால்!

சுவரே அதிர்ந்ததாம். திரை சிவப்பானது. சைரன் அலறத் தொடங்கியது. 'ஆள் விழுந்தது. உண்மையா? பொய்யா?' அந்த வாசகம் கம்பி அண்ணன் வைத்தது. யாராவது ஒரு பொத்தானை அமுக்கும்வரை சைரன் நிற்காது. அப்படித்தான் செய்திருந்தார்.

கேமராவில் காலி அறை.

வெயில்.

பை.

அக்கா முதலாளிக்குப் போன் போட்டாள். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"எதுல கேட்டுச்சு?" என்றார்.

"காதுலதான் சார்."

"காதுலயா?" அவர் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "பொய்னு அமுக்கு. எல்லாத்தையும் அழி. பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"ஒரு ஆள் விழுந்த சத்தம் சார்."

"அங்க ஆள் யாரும் இல்லையேம்மா."

"ஆள் இருந்தப்பவும் யாரும் கேக்கல சார்."

போன் வைக்கப்பட்டது.

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. உண்மை. பொய். இரண்டு பொத்தான்கள். அக்காவின் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றதாம். எவ்வளவு நேரம் என்று அவள் குறித்துவைக்கவில்லை.

பொய் என்று அமுக்கினாள்.

சட்டென்று நின்றது. அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை என்பாள்.

பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஏழு. கடைசிப் பதிவைப் போட்டுப் பார்க்கத் துணிவில்லை. அதன் நீளம் மட்டும் கண்ணில் பட்டது. எல்லாமே முப்பது நொடி. அது மட்டும் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். சோதனை தொடங்கியே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அதையும் அழித்தாள். அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், கைகொடுத்தார்கள். சான்றிதழ் வந்தது. காப்புரிமையும் முதலாளியின் பெயருக்கே வந்தது. அக்கா அந்த வாரமே வேலையை விட்டாள். தூக்கம் போதவில்லை, மனம்தான் எதையோ கற்பனை செய்துவிட்டது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மூன்று மாதம் கழித்து, அக்கா வீட்டில் மின்விசிறி மாட்ட ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். பழைய நிறுவனத்தில் வயரிங் வேலையெல்லாம் பார்த்தவர். ஏணியில் நின்றபடியே பழைய கதை பேசினார். இப்போது அவரும் அங்கே போவதில்லையாம். அதனால் சொல்வதற்கு என்ன என்று சிரித்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டுக்கு முதலாளி பண்ண வேலை உங்களுக்குத் தெரியாதுல்ல மேடம்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, காதுக்குள்ள இருக்கிற மைக்கைக் கழட்டச் சொன்னார். அது எதையாவது கேட்டுத் தொலைச்சா திங்கட்கிழமை மானம் போயிடுமாம். பெட்டி சுவத்துல இருக்கட்டும், விளக்கு மட்டும் எரியட்டும்னார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். கையெழுத்துப் போடறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சா கை நடுங்கும்னு."

அக்கா ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப அந்த மைக்கு..."

"என் சட்டைப் பையில. அதோடதான் மாமியார் வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். திங்கட்கிழமை விடியக்காலையில போய் மாட்டினேன். ஏன் மேடம், அன்னைக்கு ஏதாவது கேட்டுச்சா?"

அவர் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"இல்ல" என்றாள் அக்கா. "ஒண்ணும் கேக்கல."