வீரம்மா ‘ரிஜெக்ட்’ செய்த காசு

வீரம்மாவிடம் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டை கண்டுபிடிப்பதே அவர் வேலை. ஓய்வு பெற்றதும் கிள்ளான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நான் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் பழைய நாணயக் கடை போட்டார். புத்தி மட்டும் மாறவில்லை. என் சட்டை, என் மேசை, நான் வாங்கிக் கொடுக்கும் தே தாரிக் டீ, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு: ‘ரிஜெக்ட்’.

காசு பார்ப்பதில் மட்டும் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. முதலில் காந்தம் வைப்பார். பிறகு விளிம்பு வரிகளில் நகத்தை ஓட்டுவார். கடைசியில் சுருக்குப்பையிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து, தன்னுடைய 1904ஆம் ஆண்டு வெள்ளி டாலரை எடுத்து ஒரு கையிலும், வந்த காசை மறு கையிலும் வைத்துக் கனம் பார்ப்பார். அந்த டாலர் சொன்னால் வேதவாக்கு.

போன மாதம் பூச்சோங்கிலிருந்து குருவும் அவன் தங்கை புனிதாவும் வந்தார்கள். அவர்களுடைய அம்மா, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று மஞ்சள் துணியில் முடிந்து சாமி மேடையில் வைத்துவிட்டுப் போன இரண்டு வெள்ளி டாலர்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று பெரியது, ஒன்று சற்றுச் சிறியது. அதுதான் குருவை உறுத்தியது.

“பெரிசு அசல். சின்னது கள்ளக்காசு தம்பி. ரொம்ப லேசா இருக்கு. ரிஜெக்ட்,” என்றார் வீரம்மா.

குரு தங்கையைத் திரும்பிப் பார்த்தான். “கடைசி வரைக்கும் அம்மாகூட வீட்டுல இருந்தது நீதானே?”

அவ்வளவுதான் கேட்டான். படுக்கையில் கிடந்த அம்மாவை நான்கு வருடம் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் புனிதா. சிறிய காசை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். குரு பெரிய காசோடு வேறு பக்கம் போனான். எனக்கு அவனை ஓர் அறை அறையலாம் போலிருந்தது.

“அண்ணே, திருடுன மூஞ்சி இப்படி இருக்காதுலா,” என்றார் வீரம்மா.

“சொன்னது சொல்லியாச்சு. விடும்மா.”

அவர் விடவில்லை. மறுநாளே அந்தச் சிறிய காசோடு ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் கனகலிங்கம் ஐயாவிடம் போனார். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி; நாற்பது வருடமாக நாணயம் சேர்ப்பவர். அவர் காசிலிருந்த 1920 என்ற எண்ணைப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, தராசில் வைத்தார். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறிப்போனதால், அப்போது அடித்த டாலரைச் சிறிதாக்கி, வெள்ளியையும் பாதிக்குக் குறைத்துவிட்டார்களாம்.

“நிறையும் சரி, விளிம்பும் சரி. காசில பிழையில்லை. நீங்கள்தான் பிழையாச் சொல்லிப்போட்டியள்.”

குருவின் நம்பர் என்னிடம் இருந்தது. போனில் சொல்லிவிடலாமே என்றேன்.

“பாசார்ல நாலு பேர் முன்னாடி சொன்னேன். பாசார்லதாண்ணே மாத்திச் சொல்லணும்.”

குருவுக்குப் போன் போட்டு, தங்கையையும் வரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு இருவரும் தனித்தனியாக வந்தார்கள். வீரம்மா எழுந்து நின்று, சுற்றியுள்ள கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

“தப்பு என்னோடது. சின்ன சைஸ் கிளவுஸைப் பெரிய சைஸோட அளந்து ரிஜெக்ட் பண்ணிட்டேன். வெள்ளியக் குறைச்சது அந்தக் காலத்து வெள்ளைக்காரன், தம்பி. உன் தங்கச்சி கை வைக்கல. புனிதா, என்னை மன்னிச்சிரும்மா,” என்று சிறிய காசை அவள் கையில் வைத்தார்.

குருவின் முகம் செத்துப்போனது. பையிலிருந்த பெரிய காசை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். “ரெண்டையும் நீயே வச்சுக்க.”

புனிதா வாங்கிக்கொண்டாள். கைப்பையிலிருந்து அம்மாவின் மஞ்சள் துணியை எடுத்தாள். இரண்டு காசையும் சேர்த்து முடிந்து, அண்ணனின் சட்டைப்பையில் வைத்தாள்.

“இனிமே உன் வீட்டுல இருக்கட்டும்ணே. எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்கு.”

குரு சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதான். வீரம்மாவும் அழுதார். அன்று நான் வாங்கிக் கொடுத்த தே தாரிக்கை ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்.