கொத்தமல்லி வாங்கப் போனவள்

என் மகளுக்குப் பதினோரு வயது. போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிவர அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பினேன். எங்கள் முகப்பேர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் நாலு வீடு, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு பள்ளிக்கூடத்து மதில், அதை ஒட்டினாற்போலக் காய்கறிக் கடை. ரோட்டைக்கூடக் கடக்க வேண்டாம். அவ்வளவுதான் தூரம். பிறந்ததிலிருந்து அந்தத் தூரத்தை அவள் ஒருமுறைகூடத் தனியாக நடந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் முந்தின நாள் நான் கேட்ட ஒரு கேள்வி. வாய்க்குச் சும்மா இருக்கப் பிடிக்காமல், "கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினா காய்கறிக் கடை வரும், சொல்லு பார்ப்போம்" என்றேன். வாரா வாரம் என்னோடு வருகிற கடைதான். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "மேப்ல பாத்துச் சொல்லட்டுமா?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பாட்டு வகுப்புக்குக் காரில் போகிறாள். சைக்கிள் உண்டு, அதைக் கீழே கார் நிறுத்தும் தளத்தில் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறாள். கையில் கட்டியிருக்கிற வாட்ச், அவள் எங்கே இருக்கிறாள் என்று என் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கே இருக்கப் போகிறாள், பாவம்!

"எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை? போன்ல சொன்னா கொத்தமல்லி வீட்டுக்கே வந்துடப் போவுது" என்றார் என் கணவர்.

"கொத்தமல்லிக்காக அனுப்பலை."

"காலம் கெட்டுக் கிடக்கு. பேப்பர் படிக்கிறியா இல்லையா நீ?"

படிக்கிறேன். என் தலையெழுத்து, ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். கேட்டைத் தாண்டினாள், சரியாக இடதுபக்கம் திரும்பினாள். பிறகு வேப்பமரம் மறைத்துவிட்டது. உடனே போன் சிணுங்கியது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்: பின்னாலிருந்து எடுத்த என் மகளின் முதுகு, தோளில் அந்தப் பை. கீழே, "இது யார் வீட்டுக் குழந்தை? தெருவில் தனியாகப் போகிறது. பெற்றோர் கவனிக்கவும்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள், அழுகிற முகங்கள். ஒரு புண்ணியவதி, 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அம்மா' என்று போட்டிருந்தாள்.

நான் பதில் எழுதுவதற்குள் வாட்ச்மேன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாமா நீ, பொம்பளப் புள்ளய தனியா உட்டுகினு கீற? எவனாச்சும் தூக்கினு பூட்டான்னா யார் பதில் சொல்றது? கேட்டாண்ட நிக்கிறவன் நான்தானே? என்னத்தானே கேப்பாங்கோ!" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் பிழைப்பு அவருக்கு.

பையில் கொத்தமல்லி இல்லை. கடை வரைக்கும் அவள் போகவே இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எல்லாரும் என்னையே பாத்தாங்கம்மா. தப்புப் பண்ணின மாதிரி பாத்தாங்க. இனிமே என்னை அனுப்பாதே" என்றாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் கோபம் தணியவில்லை. பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. இவள் வயதில் நான் எப்படித் திரிந்தேன்! ஆவடியில் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் வீடு. ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வீட்டில் கோயம்புத்தூர்த் தமிழ் கேட்கும், பக்கத்து வீட்டில் வேலூர்த் தமிழ். எங்கள் வீட்டில் திருநெல்வேலி. எங்கள் அம்மாவிடம் இருந்தது ஒரே சட்டம். "ஏட்டி, எங்க வேணும்னாலும் போ. சங்கு ஊதுததுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும், கேட்டியா?" சாயங்காலம் ஃபேக்டரியில் ஊதுகிற சங்கைத்தான் சொல்வாள். அது ஊதும்வரைக்கும் நாங்கள் எங்கே இருந்தோம் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

நாங்கள் தண்டவாளத்து ஓரமாகவே நெமிலிச்சேரி வரைக்கும் நடந்து போய்க் கொடுக்காப்புளி அடித்துத் தின்போம். ரயில் வந்தால் சரளைக்கல் மேட்டில் இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டு நிற்போம். சேர்த்து வைத்த சில்லறைக்கு வாடகை சைக்கிள் எடுத்து, சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாததால் அரைப்பெடல் அடித்துக்கொண்டு, லாரி போகிற ரோட்டில் ஓட்டுவோம். என் முகவாயில் இருக்கிற தழும்பு அதில் வாங்கியதுதான். வெயில் காலம் வந்தால் ஏரி. அதன் மதகுச் சுவரில் ஏறி நின்றுகொண்டு குதிக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் தண்ணீரில் மிதந்தபடி, "இன்னாமே, பயந்துகினியா? குதிமே! அண்ணாத்த நாங்க கீறோம்ல!" என்று கத்துவார்கள். என்னைவிட ஒரு வயது சின்னப் பொடிசுகள், அண்ணாத்தவாம்! அந்த ரோஷத்தில்தான் முதல்முறை குதித்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, செத்தேன் என்று நினைத்து, மேலே வந்து மூச்சை இழுத்தேனே, அந்த மூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் மகளுக்குக் காட்டிவிட்டால் போதும், அவளுக்குத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். என்ன ஒரு புத்தி! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் பாஸ் கேட்டார்கள். நான் இங்கேதான் வளர்ந்தேன் என்று சொன்னதற்கு, காவலுக்கு நின்ற இளைஞர் மரியாதையாகச் சிரித்து, "அப்படி நிறையப் பேர் வர்றாங்க மேடம்" என்றார். உள்ளே விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தபோது எங்கள் வரிசையில் பாதி வீடுகளுக்குக் கதவே இல்லை. கூரை மேல் செடி முளைத்திருந்தது. ஏரிக்குப் போனோம். சுற்றிலும் கம்பிவேலி போட்டு, ஆழமான பகுதி, இறங்காதே என்று பலகை வைத்திருந்தார்கள். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மதகைத் தேடினேன், ஆகாயத்தாமரைதான் கண்ணில் பட்டது.

வேலியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளம், சைக்கிள், மதகுச் சுவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டி, பைத்தியக்காரி மாதிரி சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தொட்டு, ரொம்ப மெதுவாக, "பாட்டிக்கு உன்னைப் பிடிக்காதாம்மா?" என்று கேட்டாள்.

தன் அம்மா, பாட்டிக்குப் பிடிக்காத பிள்ளையாக வளர்ந்திருக்கிறாளே என்று அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

அவளிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பையன், எங்கள் கூடவே திரிந்தவன், அந்த ஏரியில்தான் போனான். நாங்கள் யாரும் அன்று அங்கே இல்லை. தனியாகப் போயிருக்கிறான். சங்கு ஊதியும் அவன் வரவில்லை. மறுநாள் காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் அம்மா அழுத அழுகையில் எங்கள் வரிசையில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன. பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு. சாயங்காலம் தெருவில் ஒரு பிள்ளை கிடையாது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். சோறு இறங்கவில்லை.

அப்படிக் கொஞ்ச நாள் போனபிறகு ஒரு சாயங்காலம், அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்த அம்மா என்னையே பார்த்தாள். போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். "ஏட்டி, போ. வெளையாடப் போ. சங்குக்கு முன்ன வந்துரு" என்றாள். நான் விட்டால் போதுமென்று ஓடினேன். முனையில் திரும்பிப் பார்த்தபோது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளையாடி முடித்து, சங்குச் சத்தத்தோடு திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வீடெல்லாம் தீய்ந்த வாடை. சோறு அடிப்பிடித்துக் கரியாகிப்போயிருந்தது. அப்பா சத்தம் போட்டார். அவள் பானையை எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்க உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எப்படியம்மா உன்னால் முடிந்தது என்று இப்போது கேட்க அவள் இல்லை.

ஆவடியிலிருந்து வந்து ரொம்ப நாள் நான் பேச்சே எடுக்கவில்லை. மகளாகத்தான் ஒரு நாள் சமையலறைக்கு வந்தாள். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "கொத்தமல்லி இல்லையே. நான் வேணா போயிட்டு வரட்டுமா? ஆனா நீ போன்லயே இருக்கணும். நான் பேசிக்கிட்டே போவேன்" என்றாள். என்னை எப்படியாவது சந்தோஷப்படுத்த வேண்டும் என்று யோசித்திருக்கிறாள், என் தங்கம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போயிட்டு வாடா. உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். என்னுடைய இன்னொரு போனை எடுத்துக்கொண்டாள். ஆளாளுக்குப் பார்ப்பதற்கு முன்னாலேயே, என் மகள் கடைக்குப் போகிறாள், யாரும் தடுக்க வேண்டாம் என்று குழுவில் போட்டேன். வாட்ச்மேனுக்கும் சொல்லிவிட்டேன்.

"கேட்டைத் தாண்டிட்டேன்மா... நாய் ஒண்ணு படுத்திருக்கு, தூங்குது... ஜெராக்ஸ் கடை மூடியிருக்கு... ஸ்கூல் சுவரு வந்துடுச்சு." குரலில் நடுக்கம் போய்ச் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. நானும் அடுப்படியிலேயே நின்று சிரித்தேன்.

அப்புறம் குரல் நின்றுவிட்டது. ஹலோ என்றேன். மறுபடி ஹலோ. கட்டாகியிருந்தது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. வாட்ச் இருக்கிறது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. பேப்பரில் படித்ததெல்லாம், ஒரு வரி விடாமல் படித்ததெல்லாம், கண்முன்னால் வந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படியில் ஓடினேன். காலில் செருப்பில்லை. வாட்ச்மேன், "இன்னாமா, இன்னா ஆச்சு?" என்று பின்னாலேயே ஓடிவந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

அவள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு கொத்தமல்லிக் கட்டு. எது நல்ல கட்டு என்று பார்க்க, இரண்டையும் மூக்கருகே வைத்து மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இடமில்லாததால் போனைக் கட் பண்ணிப் பைக்குள் போட்டிருக்கிறாள். கடைக்கார அம்மாவிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீருக்கு மேலே வந்து மூச்சை இழுத்த பிள்ளையின் முகம் அது.

அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை. போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி கட் பண்ணின? ஏண்டி கட் பண்ணின?" என்று நடுத்தெருவில் கத்தினேன். கொத்தமல்லிக் கட்டு இரண்டும் கீழே விழுந்தன.

அவள் அழவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதுன்னு நீதானேம்மா சொன்னே" என்றாள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் போகவும் இல்லை. கொத்தமல்லி தீர்ந்துவிட்டதென்றால் நான் சொல்வதற்கு முன்பே போனில் சொல்லி வரவழைத்துவிடுகிறாள். நேற்றும் அப்படித்தான். மழையில் கடைப் பையன் வரத் தாமதமாயிற்று. நான் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்தபடி தலையை நிமிர்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, "நான் இங்கேதாம்மா இருக்கேன். நீ பயப்படாதே" என்றாள்.